அமெரிக்காவில் வாடகை வீடு: அப்ளிகேஷன் ஃபீஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரில் வாடகைக்கு வீடு பார்த்தால் அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன் இவைதான் செலவு. வீடு தர முடியாது என்று சொல்வதற்கு எந்த வீட்டுக்காரரும் காசு வாங்குவதில்லை. அமெரிக்காவில் வாங்குவார்கள். அப்ளிகேஷன் போடும்போதே ஆளுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். வீடு கிடைக்காவிட்டால் பெரும்பாலும் அந்தக் காசு போனதுதான். படிக்கவோ வேலைக்கோ புதிதாக வருபவர்களுக்காக இந்தப் பக்கம்.

இந்த ஃபீஸ் எதற்கு?

உங்களைப் பற்றி விசாரிப்பதற்கு. அப்ளிகேஷன் வந்ததும் அப்பார்ட்மென்ட் நிர்வாகம் ஒரு ஸ்க்ரீனிங் கம்பெனி வழியாக நான்கு விஷயங்களைப் பார்க்கும்: கிரெடிட் ரிப்போர்ட் (கடன்களை ஒழுங்காகக் கட்டினாரா என்ற வரலாறு), முன்பு எங்காவது கோர்ட் மூலம் வீட்டைக் காலி செய்ய வைக்கப்பட்டவரா என்ற பதிவு, குற்ற வழக்குகள், சம்பளம். முடிவு வர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். ரிப்போர்ட்டுக்கு ஆகும் உண்மையான செலவு ஏறக்குறைய 25 முதல் 45 டாலர். அதற்கு மேல் வாங்குவது ஆபீஸ் வேலைக்கு என்பார்கள். சில இடங்களில் அது வெறும் வருமானம்தான்.

எவ்வளவு கட்ட வேண்டும்? யாரெல்லாம் கட்ட வேண்டும்?

சட்ட வரம்பு இல்லாத மாநிலங்களில் 40 முதல் 75 டாலர் சாதாரணம், 100 கேட்கும் இடங்களும் உண்டு. இது வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கில்லை, ஆளுக்கு ஒன்று. 18 வயது முடிந்த ஒவ்வொருவரும் தனித்தனி அப்ளிகேஷன் போட வேண்டும். நான்கு மாணவர்கள் சேர்ந்து ஆளுக்கு 60 டாலர் இடத்தில் போட்டால் 240 டாலர் அன்றைக்கே போய்விடும்.

அட்மின் ஃபீஸ், ஹோல்டிங் டெபாசிட் என்றும் கேட்கிறார்களே, அவையும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஆன்லைனில் ஒரே பட்டனை அழுத்தி எல்லாவற்றையும் கட்ட வைப்பதால்தான் குழப்பம் வருகிறது.

அப்ளிகேஷன் ஃபீஸ் விசாரணைக்கு. பொதுவாகத் திரும்ப வராது. அட்மின் ஃபீஸ் லீஸ் (வாடகை ஒப்பந்தம்) தயாரிக்கும் செலவு என்ற பெயரில் வீட்டுக்கு ஒருமுறை வாங்குவது. 150 முதல் 400 டாலர் வரை இருக்கும். உங்களை நிராகரித்தால் பொதுவாகத் திரும்பத் தருவார்கள், நீங்களாகப் பின்வாங்கினால் பெரும்பாலும் தரமாட்டார்கள். ஹோல்டிங் டெபாசிட் அந்த வீட்டை வேறு யாருக்கும் தராமல் பிடித்து வைப்பதற்கு. லீஸில் கையெழுத்து போட்டதும் அது செக்யூரிட்டி டெபாசிட்டிலோ முதல் மாத வாடகையிலோ கழியும். சில அப்பார்ட்மென்ட் கம்ப்ளெக்ஸ்களில் 48 அல்லது 72 மணி நேரத்துக்குள் மனம் மாறினால் முழுதும் திரும்ப வரும். அந்தக் கெடு எத்தனை மணி நேரம் என்பதைப் பணம் கட்டும் முன்பே ஈமெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் என்ன கேட்க வேண்டும்?

முதலில் கேட்க வேண்டியது அவர்களுடைய ரென்டல் கிரைட்டீரியா. யாருக்கு வீடு கொடுப்போம், யாருக்குக் கொடுக்க மாட்டோம் என்று எழுதி வைத்த ஒன்றிரண்டு பக்கம் அது. எல்லா பெரிய கம்ப்ளெக்ஸிலும் இருக்கும். ஃபீஸைப் பறிகொடுப்பவர்களில் பலர், இந்தப் பக்கத்தில் முன்பே எழுதியிருந்த ஒரு வரியால்தான் நிராகரிக்கப்படுகிறார்கள். படித்திருந்தால் அப்ளிகேஷனே போட்டிருக்க மாட்டார்கள்.

அதில் சம்பள வரியை முதலில் பாருங்கள். வாடகையைப் போல மூன்று மடங்கு மாத வருமானம் என்பது பரவலான விதி. 1,800 டாலர் வாடகைக்கு மாதம் 5,400, அதாவது வருடத்துக்கு 64,800 டாலர், வரி பிடிப்பதற்கு முந்தைய தொகை. சில இடங்களில் இரண்டரை மடங்கு போதும். நியூயார்க் நகரில் வருடச் சம்பளம் மாத வாடகையின் 40 மடங்கு இருக்க வேண்டும் என்பார்கள். 2,500 டாலர் வீட்டுக்கு ஒரு லட்சம் டாலர் சம்பளம். ஜாமீன் நிற்பவருக்கு 80 மடங்கு. அடுத்து, ஒன்றாகத் தங்குபவர்களின் சம்பளத்தைச் சேர்த்துக் கணக்கிடுவார்களா, ஆளாளுக்குத் தனியாகப் பார்ப்பார்களா என்று கேளுங்கள். தனித்தனி என்றால் மாணவர்களுக்கு அந்த இடம் ஒத்துவராது.

எத்தனை பேர் தங்கலாம் என்ற வரியும் முக்கியம். படுக்கையறைக்கு இரண்டு பேர் என்பதுதான் பெரும்பாலான இடங்களில் வரம்பு. ஒரு பெட்ரூமுக்கு நான்கு பேர் அப்ளிகேஷன் போட்டால் நான்கு ஃபீஸும் வீண். இரண்டு பேரைக் காட்டிவிட்டு நான்கு பேர் தங்குவது லீஸை மீறுவது. மாட்டினால் காலி செய்யச் சொல்வார்கள், அந்தப் பதிவு அடுத்த வீட்டு ஸ்க்ரீனிங்கில் வரும்.

கடைசியாக, எந்த யூனிட், என்ன நம்பர், எந்தத் தேதியில் காலியாகிறது, வேறு யாராவது ஏற்கெனவே அப்ளிகேஷன் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். “இப்போதைக்கு எதுவும் இல்லை, போட்டு வையுங்கள், வந்தால் சொல்கிறோம்” என்றால் கட்டாதீர்கள். கலிஃபோர்னியா, மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் காலி வீடு இல்லாமல் இந்த ஃபீஸை வாங்குவதே சட்டப்படி தவறு.

எஸ்எஸ்என் (அமெரிக்க அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) இன்னும் வரவில்லை, கிரெடிட் ஹிஸ்டரியும் கிடையாது. அப்ளிகேஷன் போடலாமா?

போடலாம். ஆனால் லீசிங் ஆபீஸுக்கு போன் செய்து, எஸ்எஸ்என் இல்லாதவர்களை எப்படி ஸ்க்ரீன் செய்கிறீர்கள் என்று கேட்காமல் ஆன்லைனில் கட்டிவிடாதீர்கள். பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும்: பாஸ்போர்ட், விசா, ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) போதும், அல்லது கூடுதல் டெபாசிட் தர வேண்டும், அல்லது ஜாமீன் நிற்க ஆள் வேண்டும். “எஸ்எஸ்என் இல்லாமல் முடியாது” என்று சொன்னால் அங்கேயே விட்டுவிடலாம், ஃபீஸ் மிச்சம்.

படிவத்தில் எஸ்எஸ்என் கட்டம் காலியாக விட முடியாதபடி இருக்கும். அதற்காக ஒன்பது பூஜ்யமோ ஒன்பது ஒன்பதோ தட்டாதீர்கள். தவறான தகவல் கொடுத்தவர் என்று சிஸ்டமே நிராகரித்துவிடும். கட்டத்துக்குப் பக்கத்தில் “எஸ்எஸ்என் இல்லை” என்று டிக் செய்ய இடம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் லீசிங் ஆபீஸிலேயே அப்ளிகேஷனைத் திறந்து தரச் சொல்லுங்கள். பழைய முகவரியும் இதே கதைதான்: நம் பின்கோடு ஆறு இலக்கம், அவர்கள் கட்டம் ஐந்தோடு நின்றுவிடும். அமெரிக்காவில் இருக்கும் நண்பரின் முகவரியைப் பொய்யாகப் போடுவதைவிட, வெளிநாட்டு முகவரி என்பதை எப்படிக் குறிப்பது என்று கேட்டுப் போடுவதுதான் சரி.

வேலைக்கு வருபவர்கள் ஆஃபர் லெட்டரில் சம்பளம், சேரும் தேதி, கையெழுத்து, கம்பெனி லெட்டர்ஹெட் நான்கும் இருக்கிறதா பாருங்கள். கன்சல்டன்சி மூலம் வருபவர்கள் கிளையன்ட் பெயரை வேலை தருபவராக எழுதினால் சம்பளச் சரிபார்ப்பில் மாட்டும். யார் சம்பளம் தருகிறார்களோ அந்தப் பெயர்தான் வர வேண்டும். மாணவர்களுக்கு ஐ-20 (மாணவர் விசாவுக்காக யுனிவர்சிட்டி தரும் படிவம்), ஸ்காலர்ஷிப் அல்லது அசிஸ்டன்ட்ஷிப் கடிதம், பேங்க் ஸ்டேட்மென்ட். இந்திய பேங்க் ஸ்டேட்மென்ட்டை எல்லா இடத்திலும் ஏற்பதில்லை.

ஜாமீன் நிற்க ஆள் இல்லையென்றால், கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் கம்பெனிகள் உண்டு. எந்தக் கம்பெனியை ஏற்பார்கள் என்பது கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். “ஆறு மாத வாடகையை மொத்தமாகத் தருகிறேன்” என்று சொல்வதும் சில இடங்களில் செல்லாது: நியூயார்க்கில் டெபாசிட்டாகவோ முன்பணமாகவோ ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது.

பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், ஆஃபர் லெட்டரில் ஒரு பெயர். இதனால் பிரச்சினை வருமா?

வரும். மற்ற எல்லாம் சரியாக இருந்தும் இதனால் மட்டும் தடுமாறும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் சர்நேமுக்குப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். இப்போது விசாவில் “எஃப்என்யூ கார்த்திகேயன்”, ஆஃபர் லெட்டரில் “கார்த்திகேயன் முருகேசன்”, பேங்கில் “எம். கார்த்திகேயன்”. மனிதர் பார்த்தால் புரிந்துவிடும். அடையாளத்தைச் சரிபார்க்கும் மென்பொருளுக்கு மூன்று பேரும் வேறு வேறு ஆட்கள்.

அப்ளிகேஷனில் பாஸ்போர்ட்டில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். “வேறு பெயர்கள்” என்ற கட்டம் இருந்தால் மற்ற வடிவங்களை அங்கே போடுங்கள். முடிந்தால் எச்ஆரிடம் சொல்லி ஆஃபர் லெட்டரை பாஸ்போர்ட் பெயரிலேயே மாற்றி வாங்குங்கள். இதை அவர்கள் மறுப்பதில்லை. லீசிங் ஆபீஸுக்கும் முன்கூட்டியே ஒரு ஈமெயில் போட்டுவிடுங்கள். கணவன், மனைவி, பிள்ளை மூவருக்கும் கடைசிப் பெயர் வேறு வேறாக இருப்பது அங்கே சிலருக்கு விநோதமாகத் தெரியலாம். கல்யாண சர்ட்டிஃபிகேட் ஒரு நகல் கையில் இருக்கட்டும்.

நான்கு ரூம்மேட்டில் ஒருவருக்கு மட்டும் அப்ரூவல் வரவில்லை. மற்றவர்கள் கதி?

பல கம்ப்ளெக்ஸ்கள் நான்கு பேரையும் ஒரே அப்ளிகேஷனாகத்தான் பார்க்கும். டெக்சஸ் சட்டத்தில் இது நேரடியாகவே எழுதப்பட்டிருக்கிறது: சேர்ந்து அப்ளை செய்தவர்களில் ஒருவரை நிராகரித்தால் எல்லோரையும் நிராகரித்ததாகக் கணக்கு. அதில் ஒரு நன்மையும் உண்டு, அப்ளிகேஷன் டெபாசிட் (அப்ளிகேஷனோடு ஃபீஸ் தவிர கட்டும் முன்பணம்) கட்டியிருந்தால் அது திரும்ப வந்தாக வேண்டும். ஃபீஸ் வராது.

ஒருவர் விசா கிடைக்காமலோ வேறு யுனிவர்சிட்டி மாறியோ விலகினால், அவருக்குப் பதிலாக வருபவர் புதிதாக ஃபீஸ் கட்ட வேண்டும். சில இடங்களில் மீதி மூவரின் சம்பளக் கணக்கையும் திரும்பப் பார்ப்பார்கள். அதனால் விசா கையில் வந்தவர்கள் மட்டும் சேர்ந்து அப்ளை செய்வது நல்லது. ஃபீஸை ஒருவர் கார்டில் கட்டி மற்றவர்கள் திருப்பித் தருவதாக இருந்தாலும், ரசீது நான்கு பெயரிலும் தனித்தனியாக வரட்டும்.

மனைவி எச்4 (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா), சம்பளம் இல்லை. அவருக்கும் கட்ட வேண்டுமா? ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு?

மனைவிக்குக் கட்ட வேண்டியிருக்கும். சம்பளம் பார்க்க மாட்டார்கள், மற்ற விசாரணை உண்டு. அவர் பெயரையும் லீஸில் சேர்த்துவிடுங்கள்; சாவி தொலைந்தாலும் ரிப்பேருக்கு ஆள் வரச் சொன்னாலும் அவர் பேச்சு செல்லும்.

பெற்றோர் விஷயத்தில் லீஸில் விருந்தினர் பற்றிய பிரிவைப் படியுங்கள். ஏழு நாள், 14 நாள் என்று வரம்பு வைத்திருப்பார்கள். ஆறு மாதம் தங்க வருபவர்கள் அதைத் தாண்டிவிடுவார்கள். பல ஆபீஸ்கள் ஒரு ஈமெயிலில் அனுமதி தந்துவிடும், சில ஆபீஸ்கள் தங்குபவராகச் சேர்க்க ஆளுக்கு ஒரு அப்ளிகேஷன் கேட்கும். டிக்கெட் போட்டதும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நாடு முழுவதற்கும் பொதுவான உச்ச வரம்பு இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

நியூயார்க்கில் 2019 சட்டப்படி அப்ளிகேஷன் ஃபீஸே கூடாது. விசாரணைச் செலவாக மட்டும் வாங்கலாம். உண்மையான செலவு அல்லது 20 டாலர், எது குறைவோ அது. ரிப்போர்ட்டின் நகலையும் ரசீதையும் கொடுத்தாக வேண்டும். 30 நாளுக்குள் எடுத்த ரிப்போர்ட் உங்களிடம் இருந்தால் அந்த 20 டாலரும் கிடையாது.

கலிஃபோர்னியாவில் வரம்பு 30 டாலரில் ஆரம்பித்து, விலைவாசியோடு ஏறி இப்போது 60 டாலரைத் தாண்டிவிட்டது. செலவுப் பட்டியலோடு ரசீது தர வேண்டும், செலவழிக்காத பகுதியைத் திருப்ப வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து இன்னொரு விதியும் சேர்ந்தது. வந்த வரிசையில் அப்ளிகேஷன்களைப் பார்த்து, தகுதியான முதல் ஆளுக்கு வீட்டைத் தர வேண்டும், பரிசீலித்தவர்களிடம் மட்டுமே ஃபீஸ் வாங்க வேண்டும். அப்படிச் செய்யாத வீட்டுக்காரர், வீடு கிடைக்காதவர்களுக்கு முழு ஃபீஸையும் திருப்ப வேண்டும்.

டெக்சஸில் தொகைக்கு வரம்பு இல்லை. ஆனால் கிரைட்டீரியாவை எழுத்தில் கொடுக்காமல் உங்களை நிராகரித்தால் ஃபீஸ், டெபாசிட் இரண்டையும் திருப்ப வேண்டும். முழுமையான அப்ளிகேஷன் கொடுத்து ஏழாம் நாளுக்குள் அப்ரூவல் சொல்லாவிட்டால் நிராகரித்ததாகவே கணக்கு. இதில் ஒரு சிக்கல்: “கிரைட்டீரியாவைப் படித்தேன்” என்று ஒரு டிக் ஆன்லைன் படிவத்திலேயே இருக்கும். திறந்துகூடப் பார்க்காமல் டிக் செய்துவிட்டு, பிறகு “எனக்குத் தரவே இல்லை” என்றால் எடுபடாது.

மாசசூசெட்ஸில் வீட்டுக்காரர் முதல் மாதம், கடைசி மாதம், டெபாசிட், பூட்டு மாற்றும் செலவு இவற்றைத் தவிர வேறெதுவும் ஆரம்பத்தில் வாங்கக் கூடாது. அதனால் அங்கே அப்ளிகேஷன் ஃபீஸ் செல்லாது. வெர்மான்ட்டிலும் தடை. விஸ்கான்சினில் கிரெடிட் ரிப்போர்ட்டுக்கு 25 டாலர்தான். வர்ஜீனியாவில் 50 டாலர், விசாரணைக்கு வெளியே கொடுத்த செலவு தனி. வாஷிங்டன் மாநிலத்தில் உண்மையான செலவு மட்டும், அதையும் முன்பே எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் வாங்கலாம்.

ஒரே ரிப்போர்ட்டை நான்கு இடத்தில் காட்ட முடியாதா?

கொலராடோவில் முடியும். 30 நாளுக்குள் எடுத்த ரிப்போர்ட்டைக் கொடுத்தால், சில விதிவிலக்குகள் தவிர, ஏற்றுக்கொண்டாக வேண்டும். ஃபீஸும் வாங்கக் கூடாது. கலிஃபோர்னியாவில் அது வீட்டுக்காரர் விருப்பம், ஏற்றால் ஃபீஸ் வாங்கக் கூடாது. ஜில்லோ போன்ற வீடு தேடும் தளங்களில் ஒருமுறை கட்டி 30 நாள் வரை பல வீடுகளுக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. தனி வீட்டுக்காரர்களிடம் அது நன்றாகச் செல்லும். பெரிய கம்ப்ளெக்ஸ்கள் தங்கள் சிஸ்டத்தில்தான் போடச் சொல்லும்.

பல இடத்தில் அப்ளை செய்தால் கிரெடிட் ஸ்கோர் இறங்குமா?

பல ஸ்க்ரீனிங் கம்பெனிகள் சாஃப்ட் புல் (ஸ்கோரைப் பாதிக்காத மேலோட்டமான பார்வை) முறையில்தான் பார்க்கின்றன, ஸ்கோர் மாறாது. ஹார்ட் புல் (கடன் கேட்கும்போது பார்ப்பது போன்ற, பதிவாகும் பார்வை) என்றால் சில புள்ளிகள் இறங்கலாம். எது என்று கேட்டால் சொல்வார்கள். ஏற்கெனவே கிரெடிட்டை ஃப்ரீஸ் செய்து (புதிதாக யாரும் ரிப்போர்ட்டைப் பார்க்க முடியாதபடி பூட்டி) வைத்திருப்பவர்கள் அப்ளை செய்யும் நாளில் அதை எடுத்துவிடுங்கள். ரிப்போர்ட் வரவில்லை என்று அப்ளிகேஷன் நின்றுபோக இது ஒரு சாதாரண காரணம்.

ஃபீஸைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

தாராளமாக. வீட்டைப் பார்த்து 24 அல்லது 48 மணி நேரத்துக்குள் அப்ளை செய்தால் ஃபீஸ், அட்மின் ஃபீஸ் இரண்டையும் தள்ளுபடி செய்யும் சலுகை பல கம்ப்ளெக்ஸில் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்பவருக்குத்தான் சொல்வார்கள். பெரிய கம்பெனி ஊழியர்களுக்குத் தனிச் சலுகை, மாணவர் குடியிருப்புகளில் சீசன் சலுகை என்றும் உண்டு. வீடுகள் நிறைய காலியாக இருக்கும் குளிர்காலத்தில் இன்னும் எளிது. ஆகஸ்டில் யுனிவர்சிட்டி ஊரில் கேட்டால் சிரிப்பார்கள்.

இது மோசடியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டைக் காட்டாமல் முதலில் ஃபீஸ் கேட்டால், ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவியைக் கூரியரில் அனுப்புகிறோம் என்றால், ஸெல் (உடனடியாகப் பணம் அனுப்பும் வசதி) வழியாகவோ கிஃப்ட் கார்டாகவோ அனுப்பச் சொன்னால், அக்கம்பக்க வாடகையைவிட பல நூறு டாலர் குறைவாக இருந்தால் விலகிவிடுங்கள். தனி வீடு என்றால் அந்தக் கவுன்ட்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) சொத்துப் பதிவுத் தளத்தில் முகவரியைப் போட்டு உரிமையாளர் பெயரைப் பாருங்கள்; பெரும்பாலும் இலவசம்தான். கம்ப்ளெக்ஸ் என்றால் விளம்பரத்தில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, அவர்களின் சொந்தத் தளத்தில் உள்ள நம்பருக்குப் போன் செய்யுங்கள். இந்தியாவிலிருந்தே வீடு தேடுபவர்கள், அந்த ஊரில் தெரிந்தவர் ஒருவர் நேரில் போய்ப் பார்க்கும் வரை எதுவும் கட்ட வேண்டாம்.

போன 60 டாலர் சின்ன நஷ்டம். அந்தப் படிவத்தில் நீங்கள் கொடுத்த எஸ்எஸ்என்னும் பாஸ்போர்ட் நகலும்தான் பெரிய நஷ்டம். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் அன்றே எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கிரெடிட் ரிப்போர்ட் கம்பெனிகளிலும் கிரெடிட்டை ஃப்ரீஸ் செய்யுங்கள், கட்டணமில்லை. பிறகு எஃப்டிசியிடம் (நுகர்வோர் மோசடிகளைக் கவனிக்கும் ஃபெடரல் அமைப்பு) புகார் கொடுங்கள்.

நிராகரித்துவிட்டார்கள். காரணம் சொல்ல வேண்டாமா?

ஸ்க்ரீனிங் ரிப்போர்ட்டை வைத்து மறுத்திருந்தால், ஃபெடரல் சட்டப்படி ஒரு அறிவிப்பு தர வேண்டும். கூடுதல் டெபாசிட்டோ ஜாமீனோ கேட்டாலும் இதே விதிதான். ரிப்போர்ட் தந்த கம்பெனியின் பெயரும் முகவரியும் அதில் இருக்கும். 60 நாளுக்குள் அந்தக் கம்பெனியிடம் கேட்டால் ரிப்போர்ட்டின் நகல் இலவசம். அதே பெயருள்ள வேறொருவரின் வழக்கு உங்கள் கணக்கில் ஏறியிருந்தால் அங்கேயே ஆட்சேபம் எழுதுங்கள், பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்துத் திருத்த வேண்டும். அடுத்த வீட்டுக்குக் கட்டும் முன் இதைச் செய்துவிடுங்கள், இல்லையென்றால் அதே தவறு அந்த ஃபீஸையும் விழுங்கும்.

திரும்பத் தர வேண்டிய பணத்தைத் தரவில்லை. என்ன செய்வது?

முதலில் ஈமெயில். தேதி, யூனிட் நம்பர், கட்டிய தொகை, ரசீது நம்பர், எந்த விதிப்படி திரும்ப வர வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று ஐந்தே வரியில் எழுதுங்கள். கோபமெல்லாம் வேண்டாம். லீசிங் ஆபீஸ் கண்டுகொள்ளாவிட்டால் அதே ஈமெயிலை நிர்வாகக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். இந்த இடத்திலேயே பலருடைய காசு திரும்பிவிடும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கார்டு கம்பெனியிடம் டிஸ்ப்யூட் போடலாம். ஸெல்லில் அனுப்பியிருந்தால் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டதுதான். அடுத்து மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் ஆன்லைன் புகார், அதுவும் இலவசம். ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்கு (சிறு தொகை வழக்குகளுக்கான கோர்ட்) வக்கீல் தேவையில்லை. ஆனால் வழக்குப் பதிவுக் கட்டணமே சில இடங்களில் உங்கள் ஃபீஸ் அளவுக்கு வரும், ஒருவருடைய 50 டாலருக்காகப் போவது கட்டுப்படியாகாது. டெக்சஸில் அப்ளிகேஷன் டெபாசிட்டை வேண்டுமென்றே பிடித்து வைத்தால் கதை வேறு: பிடித்த டெபாசிட்டைப் போல மூன்று மடங்கோடு 100 டாலரும் வக்கீல் செலவும் அவர்கள் தர வேண்டியிருக்கும். அந்த ஒரு வரியை ஈமெயிலில் சேர்த்துவிடுங்கள்.